குன்னூரில் நின்றுபோன தடுப்பூசி உற்பத்தி: கொள்ளைநோய் ஆயத்தம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதையில் மத்திய அரசின் இரண்டு பழைய நிறுவனங்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். கொஞ்சம் மேலே அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இரண்டுமே 1900களின் முதல் பத்தாண்டில் தொடங்கியவை. அருவங்காடு, வரலாம் வராமலும் போகலாம் என்கிற போருக்காக. குன்னூர், வந்தே தீரும் என்று எல்லோருக்கும் தெரிந்த நோய்களுக்காக. அருவங்காட்டில் உலை அணையவில்லை. போர் இல்லாத ஆண்டுகளிலும் அங்கே ஷிப்ட் ஓடியது, சம்பளம் வந்தது, இயந்திரம் மாற்றப்பட்டது. குன்னூரிலோ 2008 ஜனவரியில் தடுப்பூசி உற்பத்திக்கான உரிமமே நிறுத்திவைக்கப்பட்டது.

நாட்டுப் பாதுகாப்பு என்று வரும்போது வெடிமருந்துக்குப் பொருந்துகிற நியாயம் தடுப்பூசிக்கு ஏன் பொருந்தவில்லை? இந்த ஆய்வின் கேள்வி அதுதான். கொள்ளைநோய், உயிரிப் பயங்கரவாதம் ஆகிய இரண்டையும் எதிர்கொள்ள அரசு எப்படிப் பணம் ஒதுக்குகிறது, அந்தப் பணம் எப்போது வருகிறது, எப்போது வற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த மலையில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னணி

குன்னூர் இன்ஸ்டிடியூட் 1907ல் தென்னிந்திய பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு வெறிநாய் கடித்தவர்கள் சிகிச்சைக்கு வடக்கே கசௌலி வரை போக வேண்டியிருந்தது. போய்ச் சேருவதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடும். தெற்கே ஒன்று வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அதற்கான முதல் பெரிய தொகை அரசுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதிதான் குன்னூருக்கு வந்தது. குளிர்ந்த காற்று மருந்து கெடாமல் இருக்க உதவும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும் 1899லேயே குன்னூர் வரை வந்துவிட்டது. நாய் கடித்தவர்கள் தென்னாடு முழுவதிலுமிருந்து இங்கே ஏறி வந்தார்கள்.

நாய்க்கடி மருந்தோடு அது நிற்கவில்லை. 1957ல் நடந்ததை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசியக் காய்ச்சல் என்று உலகம் அழைத்த இன்ஃபுளுயன்சா அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. அது வந்த நாளில் குன்னூரில் இன்ஃபுளுயன்சா மையம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள், வைரஸைப் பிரித்தெடுக்கத் தெரிந்த கைகள் இருந்தன, மற்ற ஊர்களிலிருந்து தகவல் வந்துசேரும் வழியும் இருந்தது. அடுத்த சில மாதங்களில் நாடு முழுக்க 44 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் பதிவானது. பதிவான இறப்பு 1,098. அந்தப் பரவல் எப்படி ஊர் ஊராக நகர்ந்தது என்ற வரலாற்றை அந்த மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் எழுதினார். அது 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. கொள்ளைநோய் வந்த பிறகு ஆய்வகம் கட்ட ஓடவில்லை என்பதுதான் 1957ன் செய்தி. ஆய்வகம் முன்பே இருந்தது.

பிறகு போலியோ சொட்டு மருந்து தயாரிப்பில் இந்தியாவின் தொடக்கக்கால முயற்சி இங்கே நடந்தது. 1977ல் இன்ஸ்டிடியூட் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி நிறுவனமாக மாறியது. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் நாடு முழுக்க விரிந்தபோது, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி குன்னூரின் முக்கிய வேலை ஆனது. டிபிடி என்று நாம் சொல்வது அதைத்தான். கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர், கிண்டியில் உள்ள பிசிஜி ஆய்வகம் ஆகிய மூன்றும் சேர்ந்து தேசியத் திட்டத்தின் தேவையில் பெரும்பகுதியைக் கொடுத்துவந்தன.

2008 ஜனவரி

இந்த மூன்றின் உரிமமும் ஒரே அடியில் நிறுத்தப்பட்டது. சொன்ன காரணம், நல்லுற்பத்தி நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பது. தொழிலில் இருப்பவர்கள் ஜிஎம்பி என்பார்கள்.

காரணம் பொய்யில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே போவதுதான் நேர்மை. நூற்றாண்டுக்கு முந்திய வளாகத்தில் இன்றைய தரத்துக்குத் தடுப்பூசி தயாரிப்பது கடினம். வடிகட்டிய காற்று ஒரே திசையில் போக வேண்டும்; உள்ளே வரும் ஆட்களும் பொருட்களும் வெளியேறும் பொருட்களோடு குறுக்கிடக் கூடாது; ஊசிக்கான தண்ணீருக்குத் தனி அமைப்பு வேண்டும்; ஒவ்வொரு படியும் எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மருந்து விதிகளில் இந்தத் தரங்களைக் கடுமையாக்கும் திருத்தம் 2001லேயே வந்தது. ஏற்கெனவே இயங்கும் ஆலைகளுக்குக் கொடுத்த அவகாசம் 2005 நடுவில் முடிந்தது. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பையே மதிப்பிட்டுக்கொண்டிருந்தது. அதில் தோற்றால் யுனிசெஃப் போன்ற அமைப்புகளுக்கு ஏற்றுமதி செய்யும் இந்தியத் தனியார் நிறுவனங்களின் அங்கீகாரமும் ஆட்டம் காணும். தனியாருக்கு ஒரு விதி, அரசு ஆலைக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டு அந்தத் தேர்வில் தேற முடியாது.

இதுவரை நியாயம். இதற்கு மேல்தான் சிக்கல்.

குன்னூருக்கு உரிமையாளர் மத்திய சுகாதார அமைச்சகம். பணம் ஒதுக்குவதும் அதே அமைச்சகம். அங்கே தயாராகும் ஊசியை வாங்குவதும் அதே அமைச்சகத்தின் திட்டம். தரம் இல்லை என்று உரிமத்தை நிறுத்திய கட்டுப்பாட்டு அமைப்பும் அதே அமைச்சகத்தின் கீழ்தான். நான்கு வேலையும் ஒரே கூரைக்குள் நடக்கும்போது யாரிடம் யார் கணக்குக் கேட்பது? விதி மாறப்போகிறது என்று 2001ல் தெரிந்த உரிமையாளர், 2005க்குள் கட்டடத்தை மாற்றப் பணம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கொடுக்காததன் விளைவைக் காரணமாகக் காட்டி அடுத்த கை உரிமத்தை நிறுத்தியது. வாங்கும் கை தனியார் பக்கம் திரும்பியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கோப்பில் நியாயம் எழுதியிருக்கும். சேர்த்துப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த ஒரு தேசியத் திறன், மாற்று ஏற்பாடு முழுமையாக இல்லாமலேயே நிறுத்தப்பட்டது.

உற்பத்தியை ஒவ்வொரு பிரிவாக நிறுத்தி, ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றொன்று ஓடும்படி செய்திருக்கலாம். மூன்று நிறுவனங்களில் ஒன்றையாவது முதலில் தயார்செய்த பிறகு மற்றவற்றின் கதவை மூடியிருக்கலாம். நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு இந்த நடவடிக்கையைக் கடுமையாக விமர்சித்தது. விவகாரம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. முன்னாள் சுகாதாரச் செயலர் ஜாவித் சௌத்ரி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2010 பிப்ரவரியில் உரிம நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இன்னொரு தேதியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உயிரியல் பேரிடர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இயற்கையாக வரும் கொள்ளைநோயையும், வேண்டுமென்றே பரப்பப்படும் கிருமியையும் ஒரே ஆவணத்தில் வைத்துப் பேசிய முக்கியமான முயற்சி அது. பரிசோதனைக் கூடங்கள், தடுப்பூசி, மருந்துக் கையிருப்பு எல்லாவற்றையும் அது பேசியது. அந்த நெறிமுறைகள் அச்சாகி வந்த நாளில் நாட்டின் மூன்று பழைய அரசுத் தடுப்பூசிக் கூடங்களிலும் உற்பத்தி நின்றிருந்தது.

உரிமம் திரும்பியது, ஊசி திரும்பவில்லை

இந்தப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுநாள் உற்பத்தி தொடங்கிவிடும் என்று நினைக்கிறோம். டிபிடி எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் அது ஏன் நடக்காது என்பது புரியும்.

மூன்று கிருமிகளையும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். தொண்டை அடைப்பான், ரணஜன்னிக் கிருமிகள் வெளியிடும் நச்சைப் பிரித்து, ஃபார்மலின் கொண்டு அதன் விஷத்தை முறிக்க வேண்டும். விஷம் போக வேண்டும். ஆனால் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் அளவுக்கு வடிவம் மிஞ்ச வேண்டும். கக்குவான் இருமல் கிருமியை முழுதாகவே கொன்று சேர்க்கிறார்கள். பிறகு மூன்றையும் அலுமினிய உப்பில் படியவைத்துக் கலக்க வேண்டும். ரணஜன்னிக் கிருமி விதைத்துகளாக மாறிப் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும் என்பதால் அதற்குத் தனி இடம், தனி ஆட்கள், தனிக் காற்று. தாய்க் கிருமியை ஆண்டுக்கணக்கில் குணம் மாறாமல் காப்பது ஒரு தனிக் கலை. வீரியத்தைப் பார்க்க எலிகளும் கினிப் பன்றிகளும் வேண்டும். அவற்றை வளர்க்கும் கூடமும் வேண்டும். தொடர்ச்சியாகச் சில தொகுதிகள் ஒரே தரத்தில் வந்தால்தான் அனுமதி. அப்புறமும் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியும் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வுக்கூடத்தின் சோதனையைத் தாண்ட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு தொகுதி வெளியே வர மாதங்கள் ஆகும்.

இதில் கட்டடம் ஒரு பங்குதான். மீதி, ஆட்களின் கையில் இருக்கிறது. நொதிகலனில் நுரை எப்படி வந்தால் கவலைப்பட வேண்டும், வளர்ச்சி மந்தமானால் ஊடகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மூத்தவர் பக்கத்தில் நின்று இளையவர் கற்பது. உற்பத்தி நின்ற ஆண்டுகளில் மூத்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வருபவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஓடுகிற உற்பத்தி இல்லை. தோசை மாவு புளிக்க முதல் நாள் மாவு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுபோல, இந்தத் தொழிலில் நேற்றைய வேலையின் மிச்சம் இன்று வேண்டும்.

அரசு பணம் கொடுத்தது. குன்னூரில் சுமார் 137 கோடி ரூபாயில் ஜிஎம்பி தரத்திலான புதிய வளாகம் திட்டமிடப்பட்டு எழும்பியது. கசௌலியின் புதிய டிபிடி கூடம் 2016ல் திறக்கப்பட்டது. ஆனால் கட்டடம் எழும்பிய காலத்துக்குள் வெளியே எல்லாம் மாறிவிட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் நாட்டிலேயே முதலில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியைத் தொடங்கின. குழந்தையின் 6, 10, 14வது வாரங்களில் போடும் மூன்று டோஸும் டிபிடியிலிருந்து அதற்கு மாறின. அதைத் தயாரிப்பது தனியார் நிறுவனங்கள். 16 முதல் 24 மாதத்திலும் ஐந்து வயதிலும் போடும் பூஸ்டர் மட்டும் டிபிடியாக மிஞ்சியது. மிக முக்கியமான மாற்றம் நடந்த ஆண்டுகளில் குன்னூர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டதையும் இதையும் சேர்த்து, பொதுத்துறை என்றாலே இப்படித்தான் என்று இங்கே பலர் சொல்வதுண்டு. அது சரியான ஒப்பீடு இல்லை. ஃபிலிம் சுருளுக்கு உலகத்திலேயே வேலை இல்லாமல் போய்விட்டது. தடுப்பூசிக்கு அப்படி இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. தொண்டை அடைப்பான் ஒழியவில்லை. 2016ல் நம் நீலகிரி மாவட்டத்தை ஒட்டிய மலப்புரத்தில் அது பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். நாடுகாணியில் மலை இறங்கினால் மலப்புரம் மாவட்டம்தான். 2018 செப்டம்பரில் டெல்லியில் குழந்தைகள் அடுத்தடுத்து அதே நோயில் இறந்தபோது, நச்சுமுறி மருந்துக்குத் தட்டுப்பாடு என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டது.

2021ல் வந்த சோதனை

2020 நவம்பரில் மத்திய அரசு கொரோனா தடுப்பூசி ஆய்வுக்காக 900 கோடி ரூபாயில் கோவிட் சுரக்ஷா திட்டத்தை அறிவித்தது. 2021-22 பட்ஜெட்டில் தடுப்பூசிக்கு 35,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏப்ரலில் இரண்டாவது அலை எழுந்தபோது இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு முன்பணமாக 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அதே வேகத்தில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களைக் கோவேக்ஸின் தயாரிப்புக்குத் தயார்செய்யவும் பணம் போனது: மும்பை ஹாஃப்கினுக்கு 65 கோடி, ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸுக்கு 60 கோடி, புலந்த்ஷஹரில் உள்ள பிப்காலுக்கு 30 கோடி.

தொகைகளைப் பார்த்தால் பணம் இல்லாத நாடு போலத் தெரியவில்லை. ஆனால் ஹாஃப்கினே தயாராக 12 மாதம் வேண்டும் என்று கேட்டது. ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். அந்த ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று ஆக்ஸிஜன் படுக்கை தேடி அலைந்த எந்தக் குடும்பமும் சொல்லும். செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதல் பெற்ற ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் உற்பத்தி இல்லாமல் நின்றிருந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்வையிட்டு, அதை மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். குன்னூரையும் பயன்படுத்துங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. பயன்படுத்தும் நிலையில் குன்னூர் இல்லை. டிபிடிக்காகக் கட்டப்பட்ட புதிய வளாகத்தில் வேறு வைரஸ் தடுப்பூசியை அவசரத்தில் நுழைக்கவும் முடியாது.

விலையும் கவனிக்கத்தக்கது. அந்த மே மாதம் மாநில அரசுகள் ஒரு டோஸ் கோவிஷீல்டுக்கு 300 ரூபாயும் கோவேக்ஸினுக்கு 400 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. மத்திய அரசுக்கு விலை 150. ஜூன் 21 முதல்தான் மத்திய அரசே மீண்டும் கொள்முதலைக் கையில் எடுத்தது. சொந்தமாகத் தயாரிக்கும் ஓர் ஆலை அரசிடம் ஓடிக்கொண்டிருந்தால், விலை பேசும் மேஜையில் அதன் நிலை வேறாக இருந்திருக்கும். உண்மையான உற்பத்திச் செலவு எவ்வளவு என்று தன் சொந்தக் கணக்கிலிருந்தே அரசுக்குத் தெரிந்திருக்கும். அரசு ஆலை முழுத் தேவையையும் தயாரிக்கத் தேவையில்லை. ஒரு பங்கைத் தொடர்ந்து தயாரித்தாலே போதும்.

இதே மலையில் அதே மாதங்களில் சரியாக நடந்த ஒன்றும் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியில் வாழும் பழங்குடி மக்களில் தகுதியுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தடுப்பூசி போட்ட மாவட்டமாக 2021 நடுவிலேயே நீலகிரி முன்னுக்கு வந்தது. தொடக்கத்தில் ஊசி என்றாலே காட்டுக்குள் போய்விட்டவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது விளம்பரம் இல்லை. பல ஆண்டுகளாக அந்தக் குடியிருப்புகளுக்கு நடந்து போய்ப் பழகிய செவிலியர்களும், அதே சமூகங்களிலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர்களும், தொண்டு நிறுவனங்களும்தான். முகம் தெரிந்த ஆள் சொன்னதால் நம்பினார்கள். அந்த அறிமுகத்தை எந்த அவசர நிதியாலும் ஏப்ரலில் வாங்கியிருக்க முடியாது.

உயிரிப் பயங்கரவாதத்துக்கென்று ஒரு தனிப் பெட்டி

கொள்ளைநோய்க்குக் கிடைக்காத பணம் பயங்கரவாதம் என்ற சொல்லுக்குக் கிடைக்கும். அமெரிக்கா இதற்குப் பெரிய சாட்சி. 2001 செப்டம்பர், அக்டோபரில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் தூளால் 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அதன் பிறகு நிதி கொட்டியது. 2004ல், இத்தகைய தாக்குதல்களுக்கு எதிரான மருந்தையும் தடுப்பூசியையும் வாங்கும் பயோஷீல்டு திட்டத்துக்குப் பத்தாண்டுகளுக்கு 560 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் மருத்துவமனைகளைத் தயார்நிலையில் வைக்கும் திட்டத்தின் ஆண்டு ஒதுக்கீடு 2004ல் சுமார் 51.5 கோடி டாலராக இருந்தது, 2020ல் சுமார் 27.5 கோடியாகச் சுருங்கியிருந்தது. கொரோனா வந்த ஆண்டு அது. பயம் புதிதாக இருக்கும்போது பொருள் வாங்கிக் குவிப்பதும், பயம் ஆறியதும் ஆட்களைக் குறைப்பதும் பணக்கார நாட்டிலும் நடக்கிறது.

1984ல் ஓரிகன் மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் ரஜ்னீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் உணவகங்களின் சாலட் மேஜைகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயுற்றார்கள், யாரும் இறக்கவில்லை. விசாரித்த சுகாதார அதிகாரிகள் முதலில் சமையல் ஆட்களின் கை சுத்தம் சரியில்லாததுதான் காரணம் என்று நினைத்தார்கள். வேண்டுமென்றே செய்தது என்று தெரியவரக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆனது. அதாவது, நோய் தொடங்கும்போது அது தானாக வந்ததா யாராவது பரப்பியதா என்று தெரிவதில்லை. முதல் நாள் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருத்துவர் 'ஒரே மாதிரி இத்தனை பேர் எப்படி' என்று சந்தேகப்பட வேண்டும். மாதிரி எடுக்க வேண்டும். அது சரியான குளிரில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முடிவு திரும்பி வர வேண்டும். இதைச் செய்யும் ஆட்களுக்குச் சம்பளம் தராமல் உயிரிப் பயங்கரவாதத்துக்கென்று தனியாக எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் வீண்.

கூடலூர் எல்லையிலிருந்து பார்த்தால்

நீலகிரியின் உண்மையான முன்வரிசை கூடலூர், பந்தலூர் பக்கம். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது முதல், வடகேரளத்தில் ஒவ்வொரு முறை அது தலைகாட்டும்போதும் நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல், நம்பியார்குன்னு சாவடிகளில் சுகாதாரத் துறையினர் நிறுத்தப்படுகிறார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி, முகக்கவசம், பதிவேடு. அந்த ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. மழையிலும் இரவிலும் நிற்கிறார்கள். ஆனால் நிபாவுக்கு அறிகுறி தெரிய பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். நேற்று தொற்றியவர் இன்று காய்ச்சல் இல்லாமலேயே சாவடியைக் கடந்துவிடுவார். சாவடியைவிட, ஒரு வாரம் கழித்து அவர் காய்ச்சலோடு எந்த மருத்துவமனைக்குப் போவார், அங்கே 'கேரளம் போயிருந்தீர்களா' என்று கேட்கும் ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

முதுமலைப் பக்கம் இன்னொரு கவலை, குரங்குக் காய்ச்சல். 1957ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட நோய், உண்ணிக் கடியால் பரவுவது. 2012-13 வாக்கில் முதுமலைக் காட்டில் இறந்த குரங்குகளிலும் அந்த வைரஸ் தெரிந்தது. அதற்குக் கர்நாடக அரசு நிறுவனம் தயாரித்துவந்த தடுப்பூசியின் வீரியம் போதாமல், 2022ல் பயன்பாடு நின்றது. மாற்று கையில் வருவதற்கு முன்பே பழையது நின்ற இன்னொரு கதை. காட்டோரம் விறகும் தேனும் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்றைக்கு இருப்பது உடலில் தடவும் பூச்சிவிரட்டித் தைலமும், காட்டில் குரங்கு செத்துக்கிடந்தால் தகவல் சொல்லுங்கள் என்ற அறிவுரையும்தான்.

சிகிச்சை வசதியில் முன்னேற்றம் உண்டு. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியும், 2025ல் திறந்த 700 படுக்கை மருத்துவமனையும் வந்துவிட்டன. அதுவரை கடுமையான நோயாளி என்றால் கோவைக்கு மலை இறங்கும் ஆம்புலன்ஸ்தான். பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்புத் திட்டம் 2021-22 முதல் 2025-26 வரை 64,180 கோடி ரூபாய்த் திட்டமாக அறிவிக்கப்பட்டது. மாவட்டம் தோறும் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகம் அதன் ஒரு பகுதி. நல்ல திட்டம். ஆனால் அதற்கும் முடிவுத் தேதி உண்டு. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் தொடக்கமும் இப்படித்தான் இருந்தது: 2004ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கி, அந்தப் பணம் முடிந்ததும் மாநிலமும் மத்தியும் பங்கு பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வகத்துக்குக் கருவி வாங்க ஒரு கையெழுத்து போதும். அடுத்த பத்து ஆண்டுக்கு ரசாயனப் பொருள், பராமரிப்பு, நுட்பநர் சம்பளம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் கையெழுத்து வேண்டும்.

மாற்ற வேண்டியவை

முதலாவதாக, மூடும் அதிகாரமும் பணம் கொடுக்கும் பொறுப்பும் தொடர்பில்லாமல் இருக்கக் கூடாது. அரசு நடத்தும் தடுப்பூசிக் கூடத்தில் தரக் குறைவு என்று கட்டுப்பாட்டு அமைப்பு எழுதினால், அதைச் சரிசெய்ய எவ்வளவு பணம், எத்தனை மாதம், அதுவரை அந்த ஊசி எங்கிருந்து வரும் என்று உரிமையாளரான அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும் என்று விதி வர வேண்டும். தரத்தில் சமரசம் கூடாது என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. என் குழந்தைக்குப் போடும் ஊசியும் அதே தரத்தில்தான் இருக்க வேண்டும்.

மாவட்ட அளவில், கூடலூர் எல்லையில் அவசரத்துக்கு அவசரம் ஆள் மாற்றி நிறுத்துவதை விட்டுவிட்டு, கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு நிரந்தரமாக ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும். வயநாடு, மலப்புரம் சுகாதார அலுவலர்களோடு தினமும் தொலைபேசியில் பேசும் குழுவாக அது இருக்க வேண்டும். மனித மருத்துவர், கால்நடை மருத்துவர், வனத்துறை ஊழியர் மூவரும் அதில் இருக்க வேண்டும். பழங்குடிக் கிராமங்களில் 2021ல் ஊசியைக் கொண்டு சேர்த்த பணியாளர்களை ஒப்பந்தக் கூலியில் வைத்திருக்காமல் நிரந்தரமாக்குவதும் இதில் அடக்கம்.

கடைசியாகக் குன்னூர். அருவங்காட்டை ஓடவைத்தது மானியம் மட்டும் இல்லை. ராணுவம் ஆண்டுதோறும் வாங்கும் என்ற உறுதியும்தான். ஆர்டர் இருந்ததால் ஆட்கள் இருந்தார்கள், ஆட்கள் இருந்ததால் தொழில் மறக்கவில்லை. தடுப்பூசிக்கு அந்த உறுதி இல்லை. குறைந்த விலை சொல்பவருக்கு டெண்டர் போகிறது. இரண்டு டிபிடி பூஸ்டர்களும் இன்றும் தேசியத் திட்டத்தில் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான டிடி ஊசி போகிறது. தென் மாநிலங்களின் இந்தத் தேவையில் ஒரு நிலையான பங்கை, சந்தை விலை கூடினாலும் குறைந்தாலும் குன்னூரிலிருந்தே வாங்குவது என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுத மத்திய சுகாதார அமைச்சகத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை. விற்பவரும் வாங்குபவரும் அதே அமைச்சகம்தான்.